கற்றுக் கொடுக்கிறார்களா? கடன்காரர் ஆக்குகிறார்களா?



'டிரைவர்கள் தேவை. முன் அனுபவம் அவசியமில்லை. லைசென்ஸ் எடுத்துத் தருகிறோம். பயிற்சிக்குக் கட்டணம் கிடையாது.'

இப்படி ஒரு விளம்பரம் கண்ணில் பட்டால், வேலையின்றித் தவிக்கும் இளைஞன் என்ன செய்வான்? இரண்டு உடுப்பைப் பையில் திணித்துக் கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடிப்பான். அவனைக் குறை சொல்ல முடியாது. வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே!

இது நம் ஊர்க் கதை என்று நினைத்து விடாதீர்கள். அமெரிக்காவின் பெரிய பெரிய லாரிக் கம்பெனிகள் ஆண்டு முழுவதும் கொடுத்து வரும் விளம்பரங்களின் சாரம் இதுதான். பஸ் டிக்கெட்டைக் கூடக் கம்பெனியே எடுத்துக் கொடுத்து இளைஞர்களை வரவழைப்பதும் அங்கே உண்டு. வந்து சேர்ந்த பிறகு அந்த இளைஞனுக்கு என்ன நடக்கிறது? அதை நாம் கற்பனை செய்து எழுத வேண்டியதில்லை. அந்நாட்டு நீதிமன்ற ஏடுகளே சொல்கின்றன.

அமெரிக்கா என்றதும் வாயைப் பிளக்கும் மனோபாவம் நம்மில் பலருக்கு இருக்கிறது. டாலரில் சம்பளம், குளிர்சாதன வசதியுள்ள வண்டி, வழுக்கிக் கொண்டு போகும் சாலை என்று அடுக்குவார்கள். சாலையைப் பற்றி அவர்கள் சொல்வது உண்மைதான். அந்தச் சாலையில் முதல் ஆண்டு வண்டி ஓட்டுபவனின் சட்டைப் பையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதைப் பேசுவதற்கே இந்தத் தலையங்கம்.

நமக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். நம் சமுதாயத்தில் ஸ்டியரிங் பிடித்துக் குடும்பம் காப்பாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். லாரி வைத்துத் தொழில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். லாரியில் சரக்கு வரவழைத்துக் கடை நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த மூன்று தரப்பாருக்கும் இதில் பாடம் இருக்கிறது.

ஒரு டிரைவர் போட்ட வழக்கு

மிசௌரி மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரைத் தலைமையிடமாகக் கொண்டது 'நியூ பிரைம்' என்ற கம்பெனி. அமெரிக்காவின் மிகப் பெரிய லாரிக் கம்பெனிகளில் ஒன்று. அதில் பயிற்சிக்குச் சேர்ந்து வண்டி ஓட்டிய ஒலிவேரா என்பவர் 2015-ல் அந்தக் கம்பெனி மீது வழக்குத் தொடர்ந்தார். அந்த வழக்கில் அவர் அடுக்கிய புகார்களைக் கவனமாகப் படியுங்கள்.

முதலில் பயிற்சியாளர் ஒருவருடன் 10,000 மைல் ஓட்ட வேண்டும். நம் கணக்கில் 16,000 கிலோ மீட்டர். காஷ்மீருக்கும் கன்னியாகுமரிக்கும் நான்கு முறை ஓடினாலும் இந்தத் தூரம் முடியாது. வண்டியில் இருந்ததோ உண்மையான சரக்கு. வாடிக்கையாளரிடம் கம்பெனி வாடகை வாங்கிய சரக்கு. இந்த ஓட்டத்துக்கு அவருக்குக் கூலி இல்லை. செலவுக்கு அவ்வப்போது முன்பணம் கொடுத்தார்கள். அந்த முன்பணமும் கடன்தான். பிறகு சம்பளத்தில் பிடித்துக் கொண்டார்கள்.

அடுத்தது இரண்டாம் கட்டம். இன்னொரு 30,000 மைல். பூமிப் பந்தை ஒரு முறை சுற்றினாலே 25,000 மைல்தான்! இந்தக் கட்டத்தில் கூலி உண்டு. எவ்வளவு? மைலுக்கு 14 சென்ட்.

வியாபாரிகளே, கணக்கு உங்களுக்குக் கை வந்த கலை. நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரு நாளில் 500 மைல் ஓடினால் 70 டாலர். 500 மைல் ஓட எவ்வளவு நேரமாகும்? மணிக்கு 50 மைல் என்று வைத்தாலும் 10 மணி நேரம். அமெரிக்க மத்திய அரசு 2009-ல் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7 டாலர் 25 சென்ட். 10 மணி நேரத்துக்கு 72 டாலர் 50 சென்ட் வர வேண்டும். சக்கரம் சுழன்ற நேரத்தை மட்டும் எண்ணினாலே சட்டம் சொன்ன கூலியைத் தொடவில்லை. சரக்கு ஏற்ற, இறக்க, டீசல் போட, வண்டியைச் சோதிக்க ஆகும் நேரத்தையும் சேர்த்து 14 மணி நேரம் என்று வைத்தால் மணிக்கு 5 டாலர்! அதிலும் முன்பணப் பிடித்தம் போக வேண்டும். மணிக்கு ஏறத்தாழ 4 டாலர்தான் கிடைத்தது என்பதே அந்த டிரைவரின் புகார்.

தொழிலாளியை 'முதலாளி' ஆக்கும் தந்திரம்

கதை இத்தோடு முடியவில்லை. பயிற்சி முடிந்தவரிடம், 'நீ ஏன் சம்பளக்காரனாக இருக்கிறாய்? சொந்த வண்டிக்காரனாகி விடு, அதிகம் சம்பாதிக்கலாம்' என்று கம்பெனி சொன்னதாம். அவர் பெயரில் ஒரு சிறு நிறுவனம் பதிவு செய்ய ஒரு கணக்கர் நிறுவனம் உதவியது. அந்தக் கணக்கர் அலுவலகம் இருந்தது எங்கே? கம்பெனியின் கட்டடத்திலேயே. லாரியைத் தவணைக் குத்தகைக்குக் கொடுத்தது யார்? கம்பெனியோடு தொடர்புடைய இன்னொரு நிறுவனம். சரக்கு கொடுப்பது யார்? அதே கம்பெனி.

லாரித் தவணை, டீசல், இன்சூரன்ஸ் எல்லாம் வாராவாரம் வருமானத்தில் கழிக்கப்பட்டன. சில வாரங்களில் எல்லாம் கழித்த பிறகு கையில் வர வேண்டியது பூஜ்யத்துக்கும் கீழே போனது என்கிறது புகார். ஒரு வாரம் முழுக்க லாரி ஓட்டியவன், வார முடிவில் கம்பெனிக்குக் கடன்பட்டு நிற்கிறான்! பெயர் மட்டும் முதலாளி.

இவர் நீதிமன்றத்துக்குப் போனதும் கம்பெனி என்ன சொன்னது தெரியுமா? 'ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். தகராறு வந்தால் நடுவர் முன்னால்தான் பேச வேண்டும், நீதிமன்றத்துக்குப் போகக் கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது' என்றது. 1925-ம் ஆண்டு நடுவர் சட்டத்தைக் கையில் எடுத்துக் கொண்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

2019 ஜனவரி 15 அன்று தீர்ப்பு வந்தது. வழக்கை விசாரித்த எட்டு நீதிபதிகளும் ஒரே குரலில் டிரைவர் பக்கம் நின்றார்கள். மாநிலம் விட்டு மாநிலம் சரக்குக் கொண்டு செல்லும் தொழிலாளரின் வேலை ஒப்பந்தங்களுக்கு 1925-ம் ஆண்டுச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. அவரைத் தொழிலாளி என்று அழைத்தாலும் ஒப்பந்தக்காரர் என்று அழைத்தாலும் அந்த விலக்கு பொருந்தும் என்றார்கள். பழைமைவாதி என்று பெயர் எடுத்த நீதிபதி கோர்சச் எழுதிய தீர்ப்பு இது. வலது, இடது என்று எதிலும் பிரிந்து நிற்கும் அந்த மன்றம் இதில் பிரியவில்லை.

2020-ல் அந்தக் கம்பெனி 2 கோடியே 80 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக் கொண்டது. பெரிய தொகைதான். ஆனால் பங்கு கேட்க உரிமை பெற்ற டிரைவர்கள் சுமார் 40 ஆயிரம் பேர். வகுத்துப் பாருங்கள். வக்கீல் கட்டணம் கழிப்பதற்கு முன்பே தலைக்கு 700 டாலர்தான். நீதி கிடைத்தது; காலம் கடந்து, சில்லறையாகக் கிடைத்தது.

இது ஒரு கம்பெனியின் கதை மட்டுமல்ல. 'சொந்த வண்டிக்காரர்' என்ற பெயரில் டிரைவர்களை வேலை வாங்கியது தொடர்பாக 2009-ல் தொடங்கிய ஒரு வழக்கில், 'ஸ்விஃப்ட்' என்ற மாபெரும் லாரிக் கம்பெனி 2019-ல் 10 கோடி டாலர் தர ஒப்புக் கொண்டது. சுமார் 20 ஆயிரம் டிரைவர்கள் பத்து ஆண்டுகள் காத்திருந்தார்கள்.

தூங்கும் நேரம் யாருடையது?

அயோவா மாநிலத்தைச் சேர்ந்த 'சி.ஆர்.எஸ்.டி.' என்ற கம்பெனி மீது நடந்த வழக்கு இன்னொரு கோணத்தைக் காட்டுகிறது. அங்கே ஒரு வண்டிக்கு இரண்டு டிரைவர்கள். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் பின்னால் உள்ள படுக்கையில் கிடப்பார். வண்டி நிற்காமல் ஓடிக் கொண்டே இருக்கும். புதிதாக வருபவர் பத்து மாதம் அந்தக் கம்பெனியிலேயே இருப்பதாக ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. இடையில் விலகினால் பயிற்சிக் கட்டணம் 6,500 டாலர் கட்ட வேண்டியிருந்தது. 'கட்டணமில்லாப் பயிற்சி' என்பதன் முழுப் பொருள் இப்போது புரிகிறதா?

பயிற்சி டிரைவர்கள் தொடர்ந்த வழக்கில் இந்தக் கம்பெனி 1 கோடியே 25 லட்சம் டாலர் தர ஒப்புக் கொண்டது. ஆனால் ஒரு கேள்வி மட்டும் தனியாக மேல்முறையீட்டுக்குப் போனது. ஓடும் லாரியின் படுக்கையில் கிடக்கும் நேரம் வேலை நேரமா, ஓய்வு நேரமா?

கம்பெனி 'அது ஓய்வு' என்றது. அப்படியானால் அவன் இறங்கி வீட்டுக்குப் போகலாமா? முடியாது. மனைவி மக்களோடு உட்கார்ந்து ஒரு வாய் சோறு சாப்பிடலாமா? முடியாது. பெட்டி போன்ற இடத்தில், ஆடும் வண்டியில், சரக்கோடு சரக்காகக் கிடக்க வேண்டும். இதற்குப் பெயர் ஓய்வா? 2023 டிசம்பரில் பாஸ்டனில் உள்ள மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் இதற்கு விடை சொன்னது. ஒரு நாளில் தூக்கத்துக்கென எட்டு மணி நேரத்தைக் கழித்துக் கொள்ளலாம். அதற்கு மேல் படுக்கையில் இருக்க வைக்கும் நேரம் வேலை நேரமே, அதற்குக் கூலி உண்டு என்று தீர்ப்பளித்தது.

மைல் கூலி என்னும் மாயக் கணக்கு

இத்தனைக்கும் ஆணிவேர் எது? மைல் கணக்கில் கூலி கொடுக்கும் முறைதான்.

சக்கரம் சுழன்றால் காசு. நின்றால் இல்லை. கேட்பதற்கு நியாயமாகத்தான் தெரியும். ஆனால் சக்கரம் ஏன் நிற்கிறது? குடோன்காரர் சரக்கு இறக்க ஆளில்லை என்று உட்கார வைக்கிறார். சாலையில் விபத்து. பனி பெய்கிறது. டயர் பழுது. இதில் எது டிரைவரின் குற்றம்? எதுவுமில்லை. ஆனால் நஷ்டம் மட்டும் அவனுக்கு. பொதுவாக இரண்டு மணி நேரக் காத்திருப்புக்குப் பிறகுதான் காத்திருப்புக் கட்டணம் என்ற பேச்சே எழும். அதிலும் டிரைவர் கைக்கு எவ்வளவு வரும் என்பது கம்பெனியின் மனதைப் பொறுத்தது.

அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தணிக்கைப் பிரிவு 2018-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. குடோன்களில் காத்துக் கிடப்பதால் டிரைவர்கள் ஆண்டுக்கு 110 கோடி முதல் 130 கோடி டாலர் வரை இழக்கிறார்கள் என்று அது மதிப்பிட்டது. அதை விடக் கவலை தரும் செய்தியும் அதில் இருக்கிறது. குடோனில் நிற்கும் நேரம் சராசரியாக 15 நிமிடம் கூடினால், விபத்து வாய்ப்பு 6.2 சதவீதம் கூடுகிறதாம்! காத்திருந்து இழந்த காசைச் சாலையில் மீட்கப் பார்க்கிறான் டிரைவர். அதன் விலையை யார் கொடுக்கிறார்கள்? எதிரே காரில் பிள்ளை குட்டிகளோடு வருகிறவன் கொடுக்கிறான்.

மற்ற தொழிலாளருக்கு வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் உழைத்தால் ஒன்றரை மடங்கு கூலி தர வேண்டும் என்பது 1938-ம் ஆண்டு அமெரிக்கச் சட்டம். மாநிலங்களுக்கிடையே ஓடும் லாரி டிரைவர்களுக்கு அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு. அதாவது அவர்களுக்கு ஓவர்டைம் கட்டாயமில்லை. ஒரு நாளில் 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம் வரை ஓட்டலாம், எட்டு நாளில் 70 மணி நேரம் வேலை பார்க்கலாம் என்கிறது விதி. அவ்வளவு உழைத்தாலும் கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் கூலி கேட்க மத்தியச் சட்டம் இடம் தரவில்லை.

எப்போதும் இப்படித்தான் இருந்ததா? இல்லை. 1964-ல் டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கம் நாடு முழுவதற்கும் ஒரே கூலி ஒப்பந்தத்தை ஏற்படுத்தியது. அன்று லாரி டிரைவர் என்றால் வீடு வாங்கி, பிள்ளைகளைப் படிக்க வைக்கும் அளவுக்கு வருமானம் உள்ளவர். 1980 ஜூலை 1 அன்று அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் லாரி வாடகை மீதிருந்த அரசுக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. புதுப்புதுக் கம்பெனிகள் முளைத்தன. போட்டி போட்டு வாடகையைக் குறைத்தன. சரக்கு அனுப்புவோருக்கு லாபம். அந்த லாபம் எங்கிருந்து வந்தது? சங்கம் பலவீனமடைந்தது, டிரைவர் கூலி விலைவாசிக்கு ஈடு கொடுக்காமல் பின்தங்கியது. தொழில் புதிது, பேரம் பேசத் தெரியாது என்ற நிலையில் வருகிறவனின் தலையில்தான் சுமை அதிகமாக ஏறியது.

எத்தனை மணி நேரப் பயிற்சி?

கூலி குறைவு, சரி. பயிற்சியாவது உருப்படியாக இருக்கிறதா?

சரக்கேற்றிய அமெரிக்க டிரெய்லர் லாரியின் மொத்த எடை 80 ஆயிரம் பவுண்டு வரை போகலாம். அதாவது 36 டன். மணிக்கு 65 மைல் வேகத்தில் வரும்போது பிரேக்கை மிதித்தால் நிற்பதற்கு 150 மீட்டருக்கு மேல் வேண்டும். இதை ஓட்டப் போகிறவன் குறைந்தது எத்தனை மணி நேரம் ஸ்டியரிங் பிடித்துப் பழக வேண்டும்? 30 மணி நேரம் என்று 2016-ல் அரசு ஒரு வரைவு விதி கொண்டு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் இறுதி விதி வெளிவந்தபோது அந்த 30 மணி நேரம் காணாமல் போயிருந்தது! 2022 பிப்ரவரி 7 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, பதிவு பெற்ற இடத்தில் பயிற்சி எடுப்பது கட்டாயம். என்னென்ன கற்க வேண்டும் என்ற பட்டியலும் உண்டு. ஆனால் குறைந்தபட்சம் இத்தனை மணி நேரம் என்பது கிடையாது. 'தேறி விட்டான்' என்று பயிற்சியாளர் சொன்னால் போதும்.

லைசென்ஸ் எடுத்த பிறகு வண்டியில் உடன் வரும் பயிற்சியாளர் யார்? சில கம்பெனிகளில் ஆறு மாத அனுபவம் உள்ளவரே ஆசிரியர். மாணவன் ஓட்டும் மைல்களுக்கும் சேர்த்து ஆசிரியருக்குக் கூலி என்ற முறையும் பல இடங்களில் இருக்கிறது. அப்படியானால் ஆசிரியருக்கு எதில் ஆர்வம் இருக்கும்? பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக் கொடுப்பதிலா? மாணவனை ஓட்ட விட்டுப் பின்னால் படுத்துக் கொண்டு மைலைக் கூட்டுவதிலா? மனிதனைக் குறை சொல்வதை விட, அவனை அப்படி நடக்கத் தூண்டும் கணக்கைத்தான் குறை சொல்ல வேண்டும்.

ஓட்டைக் குடத்தில் தண்ணீர்

இவ்வளவுக்கும் கம்பெனிகள் சொல்லும் காரணம், 'டிரைவர் பஞ்சம்'. 2021-ல் 80 ஆயிரம் டிரைவர்கள் பற்றாக்குறை என்றது அமெரிக்க லாரி உரிமையாளர் சங்கம். அதே சங்கம் வெளியிட்டு வந்த இன்னொரு புள்ளிவிவரத்தைப் பாருங்கள். பெரிய லாரிக் கம்பெனிகளில் டிரைவர்கள் விலகிப் போகும் விகிதம் 2019 வாக்கில் ஆண்டுக்கு 90 சதவீத அளவில் இருந்தது. நூறு டிரைவர்கள் உள்ள இடத்தில் ஒரே ஆண்டில் தொண்ணூறு முறை ஆள் மாற்ற வேண்டும்!

இதற்குப் பெயர் பஞ்சமா? குடத்தில் ஓட்டை இருக்கிறது. கிணற்றில் தண்ணீர் இல்லை என்கிறார்கள். அமெரிக்கத் தொழிலாளர் துறையின் புள்ளிவிவர இதழில் 2019-ல் வெளியான ஆய்வும் இதைத்தான் சொன்னது. மற்ற தொழில்களைப் போலவே இங்கும் கூலி உயர்ந்தால் ஆள் வருவார்கள் என்பதே அதன் முடிவு. ஆள் நிற்காத இடத்தில் ஆளை நிறுத்த இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கூலியை உயர்த்துவது. இன்னொன்று, கடனால் கட்டிப் போடுவது. பயிற்சிக் கடன் என்பது இரண்டாவது வழி.

கம்பெனிகளின் வாதமும் நமது பதிலும்

எதிர்த் தரப்பின் வாதத்தையும் சொல்வதுதான் நியாயம். 'லைசென்ஸ் எடுக்கத் தனியார் பள்ளிகளில் ஆயிரக்கணக்கான டாலர் செலவாகும். அந்தப் பணம் இல்லாத ஏழைக்கு நாங்கள்தான் கதவைத் திறக்கிறோம். கற்றுக் கொண்ட மறுநாளே போட்டிக் கம்பெனிக்கு ஓடி விட்டால் எங்கள் முதலீடு என்னாவது?' என்று கேட்கிறார்கள்.

இதில் உண்மை இல்லாமல் இல்லை. கையில் காசில்லாத எத்தனையோ பேர் இந்தப் பயிற்சிகள் வழியாகத்தான் லைசென்ஸ் பெற்று, கஷ்டப்பட்டு ஓராண்டைக் கடந்து, பிறகு நல்ல இடங்களில் அமர்ந்திருக்கிறார்கள். அதை மறைக்கக் கூடாது. நாம் கேட்பது ஒன்றுதான். கற்கும்போதே அவன் உங்கள் சரக்கை ஓட்டுகிறான். அதற்கு நீங்கள் வாடகை வாங்குகிறீர்கள். அந்த மைல்களில் பயிற்சிச் செலவு கழியவில்லையா? உழைப்பையும் வாங்கிக் கொண்டு கடனையும் எழுதி வைத்தால் ஒரே சரக்குக்கு இரண்டு முறை விலை வாங்கியதாகாதா? எந்த நேர்மையான வியாபாரி இதை ஏற்பான்?

வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. சில்லறை வியாபாரத்தில் உலகப் பெரும் நிறுவனமான வால்மார்ட் சொந்தமாக லாரிகள் வைத்திருக்கிறது. 2022-ல் அது ஓர் அறிவிப்புச் செய்தது. புதிதாகச் சேரும் டிரைவர் முதல் ஆண்டிலேயே 1 லட்சத்து 10 ஆயிரம் டாலர் வரை சம்பாதிக்கலாம். குடோனில் வேலை பார்க்கும் தன் ஊழியர்களுக்கு 12 வாரப் பயிற்சி கொடுத்து, அனுபவமுள்ள தன் டிரைவர்களைக் கொண்டே கற்றுக் கொடுத்து லைசென்ஸ் எடுத்துத் தரும். நாட்டின் கனரக லாரி டிரைவர்களில் பாதிப் பேரின் ஆண்டு வருமானம் 54,320 டாலருக்கும் கீழே என்று 2023-ம் ஆண்டு அரசுப் புள்ளிவிவரம் சொல்லும்போது, இது இரு மடங்கு.

உடனே வால்மார்ட்டைத் தருமப் பிரபு என்று தலையில் தூக்கி வைக்க வேண்டாம். வண்டியைச் சோதிக்கும் நேரம், கட்டாயமாக வண்டியிலேயே தங்கும் நேரம் ஆகியவற்றுக்குக் கூலி தரவில்லை என்று கலிபோர்னியா டிரைவர்கள் அதே வால்மார்ட் மீது வழக்குப் போட்டு, 2016-ல் 5 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல் தீர்ப்புப் பெற்றார்கள். 2020-ல் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. பெரிய கம்பெனி நல்ல சம்பளம் தருவது கருணையால் மட்டும் நடப்பதல்ல. கேட்கத் தெரிந்த தொழிலாளியும், கேட்டால் காது கொடுக்கும் சட்டமும் சேர்ந்தால்தான் நடக்கும். இப்போது அதே கலிபோர்னியா, வேலையை விட்டால் பயிற்சிப் பணத்தைத் திருப்பிக் கட்டு என்று மிரட்டும் ஒப்பந்தங்களைச் சில விலக்குகளோடு தடை செய்து 2025-ல் சட்டம் இயற்றியிருக்கிறது. 2026 ஜனவரி 1 முதல் போடப்படும் ஒப்பந்தங்களுக்கு அது பொருந்தும்.

நமக்கு என்ன பாடம்?

இளைஞர்களே!

அமெரிக்க லாரி உங்களுக்கு எட்டாத தூரத்தில் இருக்கலாம். ஆனால் பயிற்சிக் கடன் என்ற அந்தக் கயிறு எல்லா ஊரிலும் திரிக்கப்படுகிறது. வளைகுடாவில் ஹெவி டிரைவர் வேலை என்று ஏஜெண்டிடம் பணம் கட்டி, அந்தக் கடனை அடைக்கவே முதல் ஆண்டு முழுவதும் ஓட்டியவர்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள். எந்த வேலையிலும் சேருமுன் இந்தக் கேள்விகளைக் கூச்சமில்லாமல் கேளுங்கள்.

ஒன்று: பயிற்சிக் காலத்தில் கூலி உண்டா? இல்லையென்றால் அது எத்தனை நாள்?

இரண்டு: கையில் தரும் பணம் சம்பளமா, முன்பணமா?

மூன்று: சம்பளத்தில் என்னென்ன பிடிப்பார்கள்? எல்லாம் போக மாதம் கையில் வருவது எவ்வளவு?

நான்கு: வண்டி நின்று கிடக்கும் நாளுக்குப் படி உண்டா?

ஐந்து: இடையில் விலகினால் நான் தர வேண்டியது என்ன? என் லைசென்ஸும் பாஸ்போர்ட்டும் யார் கையில் இருக்கும்?

ஆறு: கையெழுத்திடும் தாளின் ஒரு பிரதி எனக்குக் கிடைக்குமா?

'படிக்க நேரமில்லை, கையெழுத்துப் போடு' என்று எவராவது சொன்னால், அந்த இடத்தை விட்டு எழுந்து வந்து விடுங்கள். படிக்கத் தெரிந்த ஒருவரை, முடிந்தால் ஒரு வக்கீலை, துணைக்கு அழைத்துக் கொண்டு மறுபடியும் போங்கள். அரை நாள் தாமதத்தால் ஒரு வேலை கைநழுவிப் போனால், அது போக வேண்டிய வேலைதான்.

லாரி உரிமையாளர்களே!

உங்கள் வண்டியில் கிளீனராக ஏறும் பையன் டயர் கழற்றுகிறான், தார்ப்பாய் கட்டுகிறான், இரவெல்லாம் டிரைவருக்குத் துணையாக விழித்திருக்கிறான். 'தொழில் கற்றுக் கொள்கிறானே, சாப்பாடு போட்டால் போதாதா?' என்று எண்ணாதீர்கள். அவன் கற்பது உண்மை. உங்களுக்காக உழைப்பதும் உண்மை. ஒன்றைக் காட்டி மற்றதை மறுக்காதீர்கள். அவனுக்கென்று ஒரு கூலியை நிர்ணயித்து நோட்டில் எழுதிக் கொடுங்கள். ஸ்டியரிங்கை அவன் கையில் கொடுக்கும் நாளை லோடு அவசரம் முடிவு செய்யக் கூடாது. அவன் திறமை முடிவு செய்யட்டும்.

வணிகப் பெருமக்களே!

உங்களில் பலர் நேரடியாக டிரைவருக்குச் சம்பளம் கொடுப்பவர்கள் அல்ல. ஆனால் உங்கள் குடோன் வாசலில் லாரி எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பதை நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள். 'இறக்குகிற ஆள் இன்னும் வரவில்லை, ஓரமாக நிறுத்து' என்று நீங்கள் சாதாரணமாகச் சொல்லும் ஒரு வார்த்தை, அவனுக்கு ஒரு நடைக் காசு. அந்தக் காசை மீட்க அவன் இரவில் தூங்காமல் ஓட்டுவான். அமெரிக்கத் தணிக்கை அறிக்கை சொன்ன 15 நிமிடக் கணக்கை மறந்து விடாதீர்கள். லாரி வரும் நேரத்தைக் கேட்டு ஆளைத் தயாராக வையுங்கள். தாமதம் உங்களுடையது என்றால் காத்திருந்ததற்குக் கணக்குப் பார்த்துக் கொடுங்கள். கூலிக்காரனின் உரிமையைப் பற்றி மேடைகளில் கேட்டு வளர்ந்த நமக்கு இதை இன்னொருவர் வந்து சொல்லித் தர வேண்டியதில்லை.

கடலுக்கு அப்பால் ஒரு டிரைவர், கையெழுத்துப் போட்ட தாளையே காட்டி அவரை மிரட்டிய கம்பெனியை உச்ச நீதிமன்றம் வரை இழுத்தார். அவருக்கு அந்தத் துணிச்சல் இருந்தது; துணை நிற்க வக்கீல்கள் இருந்தார்கள். நம் ஊர்க் கிளீனர் பையனுக்கு யார் இருக்கிறார்கள்? அவன் தொழில் கற்று முடிக்கும் நாளில் அவன் கையில் லைசென்ஸும் இருக்க வேண்டும், நாலு காசும் இருக்க வேண்டும். லைசென்ஸோடு கடன் சீட்டையும் சேர்த்துக் கொடுத்து அனுப்பினால், நாம் அவனுக்குக் கற்றுக் கொடுத்ததாகச் சொல்லிக் கொள்ள நமக்கு அருகதை இல்லை.

சிந்திப்போம்! அவரவர் வாசலில் நிற்கும் லாரியிலிருந்தே தொடங்குவோம்!